தானாக அணைந்து எழும் பழைய லேப்டாப்: கடைக்காரர் தாமே பார்க்க வேண்டியவை



நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். கடைக்கென்று புதிதாக வாங்கியவை சிலவே. மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போனபின் வீட்டில் சும்மா கிடந்தது ஒன்று. மைத்துனருக்குக் கம்பெனியில் புதிது கொடுத்துவிட்டதால் அவர் நம்மிடம் தள்ளிவிட்டது இன்னொன்று. இல்லையேல் பிள்ளைகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அம்பத்தூரும் அப்போது அந்த மாவட்டத்தோடுதான் இருந்தது. அந்த வரிசையில் வந்த இயந்திரங்கள் இன்றும் சில கடைகளில் பில் போட்டுக்கொண்டிருக்கின்றன. உழைக்கிற பொருளைத் தூக்கி எறியாத நம் வழக்கம் நல்ல வழக்கமே.

ஆனால் பழைய லேப்டாப்புக்கு ஒரு நோய் வருகிறது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடுகிறது. நாம் கையைக்கூட வைக்கவில்லை. அதுவே மறுபடி எழுந்து கம்பெனி முத்திரையைக் காட்டுகிறது. வாரத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு நாளைக்கு நான்கு முறை வருகிறது. வாடிக்கையாளர் காத்திருக்கிறார், வண்டியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது, இ-வே பில் பாதியில் நிற்கிறது.

உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் பார்த்த மாத்திரத்தில், “பழசு சார், பார்மட் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். நாமும் சரி என்கிறோம். இந்த இடத்தில்தான் நான் உங்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். நான் பருப்பு மொத்த வியாபாரி, கம்ப்யூட்டர் படித்தவனல்ல. ஆனால் கிடங்கில் இரண்டு மூட்டை குறைந்தால் உடனே யாரையும் வேலையை விட்டு நிறுத்துகிறோமா? கொள்முதல் சீட்டைப் பார்க்கிறோம், லாரி ரசீதைப் பார்க்கிறோம், எடை மேடையைப் பார்க்கிறோம். எங்கே குறைந்தது என்று தெரிந்தபிறகே நடவடிக்கை. லேப்டாப்புக்கும் அதே முறைதான். அது எப்போது அணைகிறது என்பதைக் கவனித்தாலே, எதனால் அணைகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதல் வேலை கணக்கைக் காப்பாற்றுவது

இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் கணக்கைப் பிரதி எடுங்கள். இது நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை அல்ல, இன்று கடை கட்டுவதற்குள் செய்ய வேண்டியது. தானாக அணையும் லேப்டாப் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறது. பத்து முறை தப்பிக்கலாம். பதினோராவது முறை கணக்குக் கோப்பு திறக்காமல் போகலாம்.

மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி வரியோடு சேர்ந்த கணக்கு என்பது தெரியும். தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. லேப்டாப் கெட்டுவிட்டது என்ற காரணத்தைச் சொல்ல அந்த இணையப் பக்கத்தில் இடம் கிடையாது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. யார் யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பாக்கிக் கணக்கு போய்விட்டால், வாங்கியவர்களின் நினைவாற்றலை நம்பி வசூலுக்குப் போக வேண்டிவரும்.

டேலி போன்ற கணக்கு மென்பொருள்களில் பேக்கப் என்ற வசதி இருக்கிறது. அதில் எடுத்த பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்றை ஆடிட்டர் அலுவலகத்துக்கோ உங்கள் மின்னஞ்சலுக்கோ அனுப்பிவையுங்கள். கடையிலேயே இரண்டு பிரதியும் இருந்தால் அது ஒரு பிரதிதான். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், அம்பத்தூர், ஆவடிப் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத பணக்கட்டு மாதிரி.

ஒரு வாரக் குறிப்பு

அடுத்தது, கல்லா மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. லேப்டாப் அணையும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மணி என்ன, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று, சார்ஜர் மாட்டியிருந்ததா, அந்த நேரத்தில் கரண்டு போய் வந்ததா, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, அணைவதற்கு முன் திரையில் நீல நிறமோ எழுத்தோ தெரிந்ததா. இவ்வளவுதான். பில் போடும் பையன் சலித்துக்கொள்வான். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீலத் திரை கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்பார்கள். அதை நிறுத்திவைக்க வழி உண்டு. விண்டோஸ் தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தட்டச்சு செய்து உள்ளே போங்கள். ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி என்ற பகுதியில் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தினால் ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதற்கு எதிரே ஒரு டிக் குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இனி கோளாறு வந்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். அதில் தெரியும் ஆங்கில வரியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கொடுக்க அதைவிட நல்ல துப்பு இல்லை.

விண்டோஸ் தானும் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போனால் வரிசையாகப் பதிவுகள் இருக்கும். 1074 என்ற எண் இருந்தால், ஏதோ ஒரு மென்பொருளோ விண்டோஸ் அப்டேட்டோ ஆளோ முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டதாகப் பொருள். இயந்திரத்தில் பழுது இல்லை. கெர்னல் பவர் என்ற பெயரோடு 41 என்று இருந்தால், முறைப்படி மூடாமல் அணைந்து எழுந்தது என்று பொருள். இந்த 41-ஐக் காட்டி, “பவர் சப்ளை போச்சு, மதர்போர்டு மாற்ற வேண்டும்” என்று சொல்பவர்கள் உண்டு. நம்பிவிடாதீர்கள். திடீரென்று அணைந்தது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஏன் என்பதை அது சொல்லவில்லை.

குறிப்பு எப்படிப் பேசுகிறது

எங்கள் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். லேப்டாப் இரண்டு முறை பார்மட் ஆகிவிட்டது, நினைவகச் சில்லும் புதிதாக மாற்றியாகிவிட்டது, நோய் நின்றபாடில்லை. ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னோம். எழுதிய பதினொரு வரிகளில் ஒன்றுகூடக் காலை நேரத்தில் இல்லை. எல்லாம் பகல் பன்னிரண்டுக்கு மேல், ஆன் செய்து ஒரு மணி நேரம் கழிந்தபிறகு, அதுவும் ஸ்டாக் அறிக்கை போன்ற கனமான வேலை நடக்கையில். அணைந்தவுடன் ஆன் செய்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அணைகிறது. சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் மூடிவைத்தால் பிறகு ஒரு மணி நேரம் ஓடுகிறது. படித்தவுடனே தெரிந்துவிட்டது, இது சூடு.

லேப்டாப்பின் அடியில் காற்றை இழுக்கும் துளைகளும் பக்கத்தில் சூட்டை வெளியேற்றும் வாயும் இருக்கின்றன. உள்ளே ஒரு சிறு மின்விசிறி, அதன் முன்னே மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன சிறு சல்லடை. பிராசஸர் எனப்படும் மூளைச் சில்லின் சூடு செப்புக் குழாய் வழியாக அந்தத் தகடுகளுக்கு வந்து, விசிறிக் காற்றில் வெளியே போகிறது. சில்லின் சூடு 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிட்டால் எரிந்துபோகாமலிருக்க மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடு நமக்கு நோயாகத் தெரிகிறது. சூட்டினால் அணைவது பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும். சில மாடல்கள் தாமே எழும்.

அந்த மண்டி லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தபோது விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் தவிட்டுத் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. கையால் உரித்தெடுக்க முடிந்தது. நம் தொழில்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. அரிசி மண்டியில் தவிடு, மாவு மில்லில் மாவு, ஜவுளிக் கடையில் பஞ்சு, ஹார்டுவேர் கடையில் சிமெண்ட். தின்பண்டக் கடையில் எண்ணெய்ப் புகை சேர்ந்து தூசியைப் பசையாக்கிவிடும். வீட்டில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சுத்தத்தை மண்டியில் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். லேப்டாப் செய்கிறவர்கள் பெரும்பாலும் 35 டிகிரி வரையிலான சூழலுக்கு என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். கத்திரி வெயிலில் நம் தகரக் கூரைக் கிடங்கின் மூலையில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு நாம் லேப்டாப்பைத் துண்டு விரித்து வைக்கிறோம், பில் புத்தகக் கட்டின் மேல் வைக்கிறோம், சாக்கின் மேலும் வைக்கிறோம். அடித்துளைகள் அடைபடுகின்றன. சமமான பலகையில், பின்பக்கம் ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தாலே சில லேப்டாப்கள் பிழைத்துக்கொள்ளும். காசு செலவில்லாத வைத்தியம்.

விசிறி ஓடுகிறதா என்று பார்க்க, பில் சுருளில் ஒரு சிறு துண்டு கிழித்து வெளிவாயில் பிடியுங்கள். கனமான வேலை ஓடும்போது காகிதம் நன்றாக வெளியே பறக்க வேண்டும். ஆடாமல் நின்றால் விசிறி ஓடவில்லை, அல்லது அடைத்திருக்கிறது.

சுத்தம் செய்வதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று நாம் தெரிந்திருக்க வேண்டும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு கை புளோயரால் சிறிது சிறிதாக ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி தாறுமாறாகச் சுழன்று தாங்கி கெட்டுவிடும். பஞ்சர் கடைக் காற்றில் ஊதுவது வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். பிராசஸருக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் உள்ள பசை பல ஆண்டுகளில் காய்ந்து பொருக்காகிவிடும். பழையதைத் துடைத்துவிட்டு, அரிசி மணி அளவு புதுப் பசை வைக்க வேண்டும். பசை மாற்றினீர்களா என்று கேளுங்கள். தூசி மட்டும் ஊதிவிட்டு மூடியிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

கரண்டு பக்கம்

நோட்டில் இன்னொரு விதமான எழுத்தும் வரும். சூட்டுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கரண்டு போய் வந்த ஒவ்வொரு முறையும் லேப்டாப் அணைந்து எழுந்திருக்கும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். லேப்டாப்பின் பேட்டரிதான் அதன் யுபிஎஸ். கரண்டு போய் இன்வெர்ட்டர் கை மாறும் அந்தக் கண நேரத்தைப் பேட்டரி தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்க முடியாத பேட்டரியோடு ஓடும் லேப்டாப், சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர் போலவே அணைந்துவிடும். சில வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் கை மாறும் நேரம் குறையும். புதுப் பேட்டரி வரும்வரை அது கைகொடுக்கலாம்.

சார்ஜர் ஒயரைச் சற்று அசைத்தால் அணைகிறது என்றால், சார்ஜர் முனை அல்லது லேப்டாப்பில் அது செருகும் இடம் தளர்ந்திருக்கிறது. அந்தச் செருகுவாய் பல மாடல்களில் தனி உறுப்பு. அதை மட்டும் மாற்றலாம், மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை.

லேப்டாப் பழையதாக, பேட்டரியைக் கையாலேயே கழற்றும் வகையாக இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. முதல் நாள் பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். கணக்கு வேலை வேண்டாம், சும்மா ஓடட்டும். மறுநாள் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். சார்ஜரில் மட்டும் ஓடும்போது அணைந்து, பேட்டரியில் அணையவில்லை என்றால் சந்தேகம் சார்ஜர் மேல், அல்லது அது செருகும் இடத்தின் மேல். திருப்பி வந்தால் பேட்டரி. இரண்டிலும் அணைந்தால் கரண்டு பக்கத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

சார்ஜர் மாற்றும்போது முனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய சார்ஜரில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அது 65 வாட். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 45 வாட் சார்ஜரில் ஓடும் 65 வாட் லேப்டாப், சும்மா இருக்கையில் நன்றாக இருக்கும். பிரிண்ட் கொடுத்து அறிக்கையும் எடுக்கையில் விழுந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லா விலையிலும் சார்ஜர் கிடைக்கிறது. கையில் எடுத்தவுடன் இறகு போல இருப்பதை எழுத்து என்னவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

“லோ வோல்டேஜால்தான் அணைகிறது, ஸ்டெபிலைசர் வாங்குங்கள்” என்ற ஆலோசனையும் வரும். சார்ஜரின் அடியில் படித்துப் பாருங்கள்: 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். நம் பக்கம் மாலை நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் அதற்குள்தான் இருக்கும். லேப்டாப்புக்கு ஸ்டெபிலைசர் வீண் செலவு. எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுள்ளென்றால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. லேப்டாப்பின் அடிமூடி உப்பினாலோ, விரலால் தடவும் பட்டை மேலே தூக்கிக்கொண்டாலோ, பேட்டரி உப்பிவிட்டது. அன்றே நிறுத்திவிடுங்கள். அழுத்தி மூடுவது, ஊசியால் குத்துவது எதுவும் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். சோனி செய்த பேட்டரிகள் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் டெல் நிறுவனம் 2006 ஆகஸ்டில் சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. நம் கடைகளில் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே சாக்கும் அட்டைப்பெட்டியும் இருக்கின்றன.

நினைவகமும் வட்டும்

சூடும் இல்லை, கரண்டும் இல்லை, நீலத் திரை மட்டும் வருகிறது, அதில் தெரியும் வரியும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருக்கிறது என்றால் ரேம் எனப்படும் நினைவகத்தைப் பாருங்கள். கடலோரத்து ஈரக் காற்றில் அதன் பித்தளை நிற முனைகளில் கறை பிடிக்கும். கழற்றி, பிள்ளைகளின் ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பச் செருகினாலே சரியானவை உண்டு. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு நாள், மற்றதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை உள்ளேயே இருக்கிறது. கடை கட்டும்போது போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிவு தெரியும்.

ஹார்டு டிஸ்க் பழுது வேறு மாதிரி. முதலில் எல்லாம் உறைந்து நிற்கும். கோப்பு திறக்க ஐந்து நிமிடம் ஆகும். டிக் டிக் என்ற சத்தம் வரும். பிறகு நீலத் திரை. இந்த அறிகுறி கண்டால் வட்டை மேலும் சோதித்து வருத்தாதீர்கள். பிரதி எடுத்துக்கொண்டு, எஸ்எஸ்டி என்னும் சுழலாத வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவுகளில் பலன் கண்ணுக்குத் தெரிவது இது ஒன்றில்தான், வேகமும் கூடிவிடும்.

வெள்ளத்தில் ஈரம் பட்ட லேப்டாப்கள் தனி ரகம். காயவைத்தபின் நன்றாக ஓடும். பல மாதம் கழித்துத் துரு பரவி அணையத் தொடங்கும். மெக்கானிக்கிடம் தண்ணீர் பட்ட கதையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பழுதே இல்லாமல் அணைவது

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமல், மென்பொருளால் மட்டும் அணைந்து எழுவதும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் திரையில் 60 விநாடி எண்ணிக்கை ஓடும், முடிந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் லேப்டாப் திடீரென்று அணையத் தொடங்கினால் பக்கத்துக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கும் அதே நாளில் அதே நோய் என்றால் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம்.

விண்டோஸ் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவைக்கச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கிற இயந்திரம் அது. செட்டிங்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் கடை நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாது. தாக்கல் தேதி நெருங்கும்போது ஒரு வாரம் தள்ளிவைக்கவும் அங்கேயே வசதி உண்டு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படிப்பட்டதில் இணைய வங்கி வேலையை வைத்துக்கொள்ளாமல் பில் போட மட்டும் பயன்படுத்துவது உத்தமம்.

குறை இயந்திரத்திலா மென்பொருளிலா என்று பிரித்தறிய ஒரு நல்ல சோதனை: லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி ஒரு பகல் முழுவதும், வீடியோ போல ஏதாவது கனமான வேலை கொடுத்து ஓட்டுவது. அணையாமல் ஓடினால் குறை விண்டோஸ் பக்கம், அல்லது ஹார்டு டிஸ்க்கில். அங்கும் அணைந்தால் பார்மட் போட்டுப் பயனில்லை. பார்மட் என்ற கடைசி மருந்தை எடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கையில்

நோட்டை அவரிடம் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். படிக்காமல் தள்ளிவைப்பவரிடம் கொடுக்காமல் திரும்பிவிடலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். “என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திரும்பக் கேளுங்கள்.

திரையில் கோடு கோடாக வந்து அணைகிறது என்றால் கிராஃபிக்ஸ் சில்லு சந்தேகம். சில்லைச் சூடு காட்டி ஒட்டித் தருகிறோம் என்பார்கள். அந்த வேலை நிலைப்பதில்லை. 2008-ல் என்விடியா நிறுவனமே, சூடாகி ஆறி சூடாகி ஆறிச் சில்லுகள் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. சில மாதத்துக்குத் தாங்குகிற வேலைக்கு நிரந்தர வேலையின் கூலி கொடுக்காதீர்கள். மதர்போர்டே போய்விட்டது என்று உறுதியானால் அந்த லேப்டாப்பை அத்தோடு விட்டுவிடலாம்.

அப்படி விடும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதில் உங்கள் கொள்முதல் விலை முதல் வாடிக்கையாளர் பாக்கி வரை எல்லாம் இருக்கிறது. கழற்றி, ஓர் உறையில் போட்டு, மேலே கணக்காண்டை எழுதி, பேரேடுகள் இருக்கும் அலமாரியிலேயே வையுங்கள். அதிலுள்ள கணக்கைப் புது இயந்திரத்திலும் ஏற்றித் திறந்து பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவத்தின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.